இடது கதவு திறந்தால்

"தங்கச்சி, ஒரு இரும்புத் துண்டு எண்டாலும் எனக்குக் காட்டவேணும்" என்றுதான் பழனியாண்டி வந்ததும் வராததுமாகச் சொன்னார்.

ஞானேஸ்வரி ஓர் உழவு இயந்திரத்தின் கீழே மல்லாந்து கிடந்தாள். சக்கரங்களுக்கு நடுவிலிருந்து குரல் மட்டும் வந்தது. "இந்த வளவில காலை வைக்கிற இடமெல்லாம் இரும்புதான் அண்ணை. எது வேணுமெண்டு பாத்து எடுங்கோ."

"பகிடி விடாதேங்கோ. லொறியின்ர வருத்தத்துக்கு ஒரு காரணம் வேணும். ஸ்பிரிங்கோ, நட்டோ, என்னவோ. கையில பிடிச்சுக் காட்டக்கூடிய ஒரு சாமான்."

"ஆருக்குக் காட்ட? முதலாளிக்கோ?"

"இல்லை. என்ர மனிசிக்கு."

ஸ்பானர் சத்தம் நின்றது. ஞானேஸ்வரி தரையோடு ஊர்ந்து வெளியே வந்து, கையைப் பழஞ்சீலையில் துடைத்துக்கொண்டே அவருடைய முகத்தைப் பார்த்தாள். அக்கராயன் வீதியில் தகரம் போட்ட கொட்டில் ஒன்றுதான் அவளுடைய கராஜ். ஒரு காலத்தில் இயக்கத்தின் வாகனப் பிரிவில் வேலை பழகியவள். போருக்குப் பிறகு புனர்வாழ்வு முகாமிலிருந்து வந்தபோது, "பொம்பிளை, அதுவும் அங்கேயிருந்து வந்தவள்" என்று அவளுடைய கொட்டிலைத் தாண்டிப் போனவர்கள்தான், இப்போது தண்ணீர் இறைக்கும் இயந்திரம் பழுதானால் அதைத் தூக்கிக்கொண்டு அவளிடம் வருகிறார்கள். ஆனாலும் கலியாணவீட்டுக்குச் சொல்வதில்லை.

"இருங்கோ அண்ணை" என்று கவிழ்த்து வைத்த எண்ணெய் வாளியைக் காட்டினாள். "முதல்ல இருந்து சொல்லுங்கோ."

வெளியே வேப்பமர நிழலில் அந்த மஞ்சள் லொறி நின்றது. கிளிநொச்சிக்கும் மாங்குளத்துக்கும் இடையில் எந்த வாகனம் படுத்தாலும் இழுத்துக்கொண்டு போக வருவது அதுதான். பிரேக்டவுண் லொறி என்பார்கள். அதன் முதலாளி தயாபரன். அவனுக்கு நாற்பது வயது, அதை ஓட்டும் பழனியாண்டிக்கு அறுபது நெருங்குகிறது. இருந்தும் அவன் "பழனி" என்றுதான் கூப்பிடுவான். மலையகத்திலிருந்து வந்தவர்களுக்கு அண்ணை, ஐயா எல்லாம் தேவையில்லை என்று வன்னியில் யாரும் சட்டம் போடவில்லை. போடாத சட்டத்தைத்தான் எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்கள்.

வருடத் தொடக்கத்தில் தயாபரன் லொறிக்குப் புதிதாக வின்ச் பூட்டினான். முன்பு கையால் சுற்றி இழுத்த கம்பியை இப்போது இயந்திரமே சுற்றி இழுக்கும். அதற்கு இயந்திரம் கொஞ்சம் வேகமாக ஓட வேண்டும். அதற்காக ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் ஒரு கறுப்புக் குமிழும் பூட்டினார்கள். கை ரேஸ் என்பது அதற்குப் பெயர். அதை இழுத்தால், அக்ஸிலேட்டரை யாரும் மிதிக்காமலே இயந்திரம் வேகம் பிடிக்கும்.

லொறியின் வருத்தம், அதாவது கோளாறு, அதற்குப் பிறகு வந்தது. வீதியோரம் நிறுத்தும்போது அடங்கி ஓட வேண்டிய இயந்திரம், சிலவேளைகளில் மட்டும், திடீரென்று ரேஸ் ஏறிக் கத்தியது. கத்திவிட்டுத் தானாகவே அடங்கியது. கபினைச் சாய்த்துப் பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. கிளிநொச்சியில் ஒருவர் வடிகட்டியை மாற்றினார். வவுனியாவில் டீசல் பம்பைக் கழற்றிப் பூட்டினார்கள். இன்னொருவர் அக்ஸிலேட்டர் கேபிளையே புதிதாகப் போட்டார். போட்ட அடுத்த கிழமை, மாங்குளத்தில் ஓர் ஆசிரியை கபினிலிருந்து இறங்கும்போது லொறி கத்தியது. அவர் திடுக்கிட்டுக் கால் தவறி விழுந்து மணிக்கட்டு முறிந்தது.

தயாபரன் தானே லொறியை வவுனியாவுக்கு ஓட்டிக்கொண்டு போய், ஓட்டிக்கொண்டு வந்தான். ஒரு முனகல்கூட இல்லை.

"பழனி இருந்தால்தான் கத்துது" என்றான். அந்த வாக்கியத்தோடு மெக்கானிக்கின் வேலை முடிந்து சாமியாடியின் வேலை தொடங்கியது.

வெள்ளிக்கிழமைகளில் உருவாடிக் கட்டுச் சொல்லும், அதாவது சாமியாடிக் குறி சொல்லும், பூசாரி ஒருவரிடம் தயாபரன் போனான். அவர் வெற்றிலையைப் பார்த்தார், கண்ணை மூடினார், உடம்பை முறுக்கினார். "குமர்ப்பிள்ளை ஒண்டு ஏறியிருக்கு. சண்டைக்குள்ள போன பிள்ளை. இறங்க இடமில்லாமல் இரையுது. ஓட்டுறவனுக்கு அப்பிடி ஒரு பிள்ளை இருந்ததோ?" என்று கேட்டார்.

இருந்தது. பழனியாண்டியின் ஊரான ஸ்கந்தபுரத்தில் நாய்க்குக்கூட அது தெரியும். ஊருக்கெல்லாம் தெரிந்த ஒரு துயரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னால், அதற்கு அருள்வாக்கு என்று பெயர்.

பேயை ஓட்டக் கழிப்புக் கழிக்க வேண்டும், அந்தப் பிள்ளை உடுத்த சட்டை ஒன்றை லொறியின் முன் சக்கரத்தடியில் வைத்து எரிக்க வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமைக்கு நாளும் குறித்தார்கள். தயாபரன் சட்டை கேட்டு வீட்டுக்கே வந்தான். பழனியாண்டியின் மனைவி ராக்காயி முற்றத்தில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பிள்ளையின்ர உடுப்பு ஏதும் கிடக்குமே அம்மா?"

"எதுக்கு?"

அவன் இழுத்து இழுத்துச் சொன்னான். அவள் மிளகாயைவிட்டுக் கையெடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எம் புள்ள செத்துருச்சுன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"நான் சொல்லேல்லை அம்மா. சாமி சொல்லுது."

"சாமிக்கு அம்புட்டும் தெரியுதுன்னா எந்த முகாமுல வச்சிருக்காங்கன்னு கேட்டு வா. நா போயி கூட்டியாறேன். சட்ட கேக்குறாரு சட்ட!"

அவன் போய்விட்டான். பழனியாண்டி அவளை நினைத்துப் பெருமைப்பட்டார். அந்தப் பெருமை இரண்டு நாள்கூட நிற்கவில்லை.

ராக்காயிக்கு ஒரு வழக்கம் இருந்தது. கிழமைக்கு இரண்டு தரம் பஸ் ஏறிக் கிளிநொச்சிக்குப் போவாள். போரில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் பதில் கேட்டு அமர்ந்திருக்கும் கொட்டகையில், மகள் சுகந்தினியின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். பதினாறு வயதுப் பிள்ளை. இரட்டைப் பின்னல், பள்ளிக்கூடச் சட்டை. வெயிலில் வெளிறிவிடாமல் பிளாஸ்ரிக் உறை போட்ட படம். அரசாங்கங்கள் மாறின. விசாரிக்க வந்தவர்கள் மாறினார்கள். கொட்டகையில் இருந்த தாய்மாரில் எத்தனையோ பேர் செத்தும் போனார்கள். அவள் போவதை நிறுத்தவில்லை.

தயாபரன் வந்துபோன கிழமை அவள் போகவில்லை. படம் அலுமாரிக்கு மேலே சுவரைப் பார்த்தபடி திரும்பிக் கிடந்தது. ஏன் என்று பழனியாண்டி கேட்டார்.

"அது செத்துத்தான் போயிருக்குன்னா, இம்புட்டு வருசமா நா யாருக்காக உக்காந்திருந்தேன் சுகந்தியப்பா?" என்றாள்.

அவர் லொறியை எடுத்துக்கொண்டு நேரே ஞானேஸ்வரியிடம் வந்துவிட்டார்.

"அவ பேயை நம்புறவ இல்ல தங்கச்சி. ஆனா அந்தச் சொல்லு உள்ளுக்க போயிட்டுது. லொறி ஏன் கத்துதெண்டு ஒரு சாமானைக் காட்டினா அந்தச் சொல்லு விழுந்துடும். வெள்ளிக்கிழமைக்கு முதல் வேணும்."

ஞானேஸ்வரி தலையை ஆட்டினாள். "பேய் எண்டால் நல்லதுதான் அண்ணை. பிடிச்சுக் கட்டிவைச்சால் எனக்கு ஸ்பானர் எடுத்துத் தரும். ஒரு மாதிரிச் சம்பளமில்லாத ஆள்." பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "எப்ப எப்ப கத்தினது? ஒவ்வொண்டாய்ச் சொல்லுங்கோ" என்றாள்.

மாங்குளத்து ஆசிரியை. முறிகண்டிக்குக் கிட்டப் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியும் புருஷனும். பரந்தனில் ஒரு வயசாளி. அவர் நினைவுபடுத்திச் சொல்லச் சொல்ல அவள் குறுக்கே கேட்டாள்.

"தனியப் போகேக்க?"

"இல்லை."

"வின்ச் இழுக்கேக்க?"

"அதுக்கு நாங்கதானே ரேஸை ஏத்துறம். அது ஒரு நாளும் பிழைச்சதில்லை."

"ஆக்கள் ஏறேக்க?"

அவர் யோசித்தார். "ஏறேக்க இல்லை. இறங்கேக்க."

"இடது பக்கத்தால."

"ஓம். வேற எந்தப் பக்கத்தால இறங்குறது?"

அவளுடைய கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. பழனியாண்டிக்கும் நெஞ்சு இளகியது. இடது கதவு. கதவு திறந்தால் கபின் ஒரு பக்கம் சரியும், சரிந்தால் அடியில் ஏதாவது ஒரு கேபிள் இழுபடும், இழுபட்டால் ரேஸ் ஏறும். எவ்வளவு நல்ல காரணம்! கையில் பிடித்துக் காட்டலாம்.

அவள் இயந்திரத்தை ஸ்டார்ட் செய்துவிட்டு இடது கதவைத் திறந்தாள், சாத்தினாள், அடித்துச் சாத்தினாள். மிதிபலகையில் ஏறி நின்று குதித்தாள். தேநீர்க் கடையிலிருந்து இரண்டு தடித்த ஆட்களைக் கூட்டிவந்து கதவில் தொங்கச் சொன்னாள். அவர்கள் தொங்கினார்கள். இயந்திரம் தன்பாட்டில் மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. கபினைச் சாய்த்துப் பம்பில் இருந்த ஸ்பிரிங்கை விரலால் இழுத்துப் பார்த்தாள். டக்கென்று திரும்பிப் போய் உட்கார்ந்தது. கேபிள் எங்கும் உரசவில்லை. எந்தத் திருகும் இளகியிருக்கவில்லை.

கை ரேஸ் குமிழை மட்டும் இரண்டு மூன்று தரம் இழுத்துப் பார்த்தாள். "இது ஆர் பூட்டினது? பழைய லொறியில கழட்டின சாமான். பூட்டுற பல்லுத் தேய்ஞ்சு போச்சு. இழுத்துத் திருகினால் நிக்கும். திருகாமல் விட்டால், இந்தாங்கோ பாருங்கோ…"

வெளியே இழுபட்ட குமிழ், இயந்திரத்தின் அதிர்வில் மெல்ல மெல்ல உள்ளே போய், கடைசியில் தன் இடத்தில் உட்கார்ந்தது.

"தானாய் உள்ளுக்குப் போகுது. சரி. தானாய் வெளியில வருமோ?"

தானே கேட்டுவிட்டு, அதைத்தான் பார்க்க வேண்டும் என்றாள். பேரிங்குக்குப் பூசும் சிவப்புக் கிரீஸை எடுத்து, குமிழைச் சுற்றியும் அதன் தண்டிலும் மெல்லிசாகப் பூசினாள். குமிழ் நகர்ந்தால் கிரீஸில் கோடு விழும். "எடுங்கோ அண்ணை, ஒரு சுற்றுப் போவம்."

அக்கராயன் குளத்துப் பக்கமாகப் போனார்கள். இரண்டு பக்கமும் வயல்கள் பச்சையாக நின்றன. குளத்துத் தண்ணீர் பாயும் காணிகள் அவை. அந்த வயல்களில் நாற்று நட்டதும் கதிர் அறுத்ததும் பெரும்பாலும் பழனியாண்டியின் ஆட்கள்தான். அவர்களுக்குக் கிடைத்தது தண்ணீர் ஏறாத மேட்டுக்காணி, அதுவும் பலருக்கு உறுதிப் பத்திரம் இல்லாமல். மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் அவர் பிறந்தபோது, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத பிள்ளையாகத்தான் பிறந்தார். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் லயம் எரிந்தது. பெற்றோர் அவரைக் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வந்தார்கள். காடு வெட்டி, மாடு மேய்த்து, கடைசியில் ஒரு கமக்காரரின் உழவு இயந்திரத்தில் ஏறி உட்கார்ந்தபோதுதான் பழனியாண்டிக்கு வாழ்க்கையில் முதன்முதலாக உயரமான ஓர் இடம் கிடைத்தது. இயந்திரம் அவரிடம் எந்த ஊர் என்று கேட்கவில்லை. சாதி கேட்கவில்லை. சரியாக ஓட்டினால் சரியாக ஓடியது.

"இதில நிப்பாட்டுங்கோ" என்றாள் ஞானேஸ்வரி.

நிறுத்தினார். இயந்திரம் அடங்கி ஓடியது. அவள் இடது கதவைத் திறந்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக் கீழே இறங்கினாள்.

லொறி கத்தியது.

வயலில் நின்ற கொக்குகள் எழும்பிப் பறந்தன. "கேட்டியளோ! கேட்டியளோ தங்கச்சி!" என்று பழனியாண்டி கூவினார். பயமும் சந்தோசமும் ஒன்றாக வந்த குரல். கடைசியில் ஒரு மெக்கானிக்கின் முன்னாலேயே பிடிபட்டுவிட்டது. அவள் லொறியின் முன்பக்கத்தால் ஓடிச் சுற்றி அவருடைய கதவுக்கு வந்தாள். அதற்குள் சத்தம் இறங்கத் தொடங்கியிருந்தது.

அவள் எட்டிக் குமிழைப் பார்த்தாள். பூசிய கிரீஸ் கலைந்திருந்தது.

"குமிழ்தான்!" என்றார் அவர். "தானாய் வெளியில வந்திருக்கு. அப்ப அந்தக் கேபிள்தான், என்ன? அதைக் கழட்டித் தாங்கோ, நான் கொண்டுபோய்…"

அவள் ஸ்டியரிங்கில் இருந்த அவருடைய வலது கையைப் பிடித்துத் திருப்பினாள்.

பெருவிரலிலும் பக்கத்து இரண்டு விரல்களின் நுனியிலும் சிவப்புக் கிரீஸ்.

பழனியாண்டி தன் கையை வேறு யாருடையதோ போலப் பார்த்தார்.

"நா அதத் தொடல" என்றார். வெளியாட்களோடு பேசும் வன்னிப் பேச்சு போய், வீட்டுப் பேச்சு வந்துவிட்டது. "சத்தியமா நா தொடல. ரெண்டு கையும் ஸ்டியரிங்குல இருந்திச்சு."

"இப்ப இருக்குது அண்ணை."

"இன்னொரு தடவ எறங்கு. நா பாத்துக்கிட்டே இருக்கேன்."

அவள் மறுபடி ஏறி, மறுபடி இறங்கினாள். அவர் இரண்டு கைகளையும் கண்வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் நடக்கவில்லை.

"நீங்கள் பாக்கேக்க அது வராது" என்றாள் ஞானேஸ்வரி. பிறகு, கேட்கலாமா விடலாமா என்று யோசித்தவள் போல, "மெசினில கை ரேஸ் எந்தப் பக்கம் அண்ணை?" என்று கேட்டாள்.

உழவு இயந்திரத்தைத்தான் அவள் கேட்டாள். ஸ்டியரிங்குக்குக் கீழே, வலப்பக்கம். லொறியில் இந்தக் குமிழ் இருக்கும் அதே இடம். அதை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போர் நாட்களில் வன்னியில் வாகனம் ஓட்டிய எவருக்கும் அது தெரியும். டீசல் வரத் தடை. மண்ணெண்ணெயில் ஒயில் கலந்துதான் ஓட்டினார்கள். அப்படி ஓடும் இயந்திரத்தை மெதுவாக ஓடவிட்டால் செத்துவிடும். செத்தால் திரும்ப ஸ்டார்ட் செய்ய பற்றரி கிடையாது, தள்ள வேண்டும். அதனால் எங்கே நிறுத்தினாலும் வலது கை தானாகப் போய்க் கை ரேஸை ஏற்றும். நிறுத்து, ஏற்று. நிறுத்து, ஏற்று. பிரேக்கை மிதிக்கும் கால் மாதிரி அந்தக் கையும் பழகிவிட்டது.

ஒரே ஒரு நாள் அவர் அதைக் குறைத்தார்.

அது போரின் கடைசி நாட்கள். இரணைப்பாலைக்கு அப்பால், கடற்கரைப் பக்கம் போகிற பாதையில் சனம் நிரம்பி ஒன்றும் நகரவில்லை. அவருடைய உழவு இயந்திரத்தின் பின்பெட்டிக்குள் சாமான்களின் மேல் ராக்காயியும் சுகந்தினியும் இன்னும் இரண்டு குடும்பங்களும் இருந்தார்கள். மேலே, சனம் வண்டு என்று சொல்லும் ஆளில்லா விமானம் சுற்றிக்கொண்டிருந்தது. "சத்தத்தைக் குறை! அவனுக்குக் கேக்கப் போகுது, குறை!" என்று சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அவரைப் பார்த்துக் கத்தினார்கள். மேலே பறக்கும் அந்தச் சாமானுக்குக் காது இல்லை என்று பழனியாண்டிக்குத் தெரியும். கண்தான் உண்டு. அது கீழே பார்த்த படத்தில் பிள்ளைகளும் பெண்களும் சட்டிபானைகளும் தெளிவாகத் தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டேதான் அடித்தார்கள். ஆனாலும் அத்தனை பேர் கத்தும்போது ஒரு மனிதன் என்ன செய்வான்? குறைத்தார். இயந்திரம் இருமியது, செத்தது.

"நா எறங்கித் தள்ளுறேன் அப்பா" என்று பெட்டியின் இடது பக்கத்தால் குதித்தாள் சுகந்தினி.

செல் விழுந்தது. புகை அடங்கியபோது அவள் நின்ற இடத்தில் அவள் இல்லை. உடம்பும் இல்லை. செருப்பும் இல்லை. சிதறி ஓடிய சனத்தோடு அவளும் ஓடினாளா, யாராவது தூக்கிக்கொண்டு போனார்களா, காயப்பட்டவர்களை ஏற்றிய கப்பலில் போனாளா என்று அன்றிலிருந்து இன்றுவரை யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய பொறுப்பு யாருக்கு இருக்கிறதோ அவர்களும் சொல்லவில்லை.

ஞானேஸ்வரி வீதியோரப் புல்லில் குந்தி இருந்தாள். "நான் இண்டைக்கும் செருப்பை வாசலுக்கு வெளியாலை பாத்தபடிதான் கழட்டி வைப்பன் அண்ணை. எழும்பின உடனை கொழுவிக்கொண்டு ஓட. பதினைஞ்சு வருசத்துக்கு மேல. ஆர் துரத்துறது இப்ப?" என்றாள்.

அவர் கையைப் பழஞ்சீலையில் துடைத்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் இருந்த சிவப்புப் போகவில்லை.

"இதயா நா போயி அவகிட்டக் காட்டுறது?"

கொட்டிலுக்குத் திரும்பியதும் அவள் பழைய சாமான் கிடந்த தகர டின்னைக் கிளறி, முறிந்த ஸ்பிரிங் ஒன்றை எடுத்து நீட்டினாள். "இதைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ. இதுதான் முறிஞ்சிருந்தது எண்டு சொல்லுங்கோ. முதலாளிக்கு நான் சொல்லுறன், குமிழின்ர பல்லுத் தேய்ஞ்சு போச்சு, நிக்குதில்லை, பின்னுக்கு மாத்தவேணும் எண்டு. அது பொய்யில்லைத்தானே. நாளைக்கு அதைக் கழட்டி வின்ச் லீவர்கள் இருக்கிற இடத்தில பூட்டிவிடுறன். அங்கை உங்கட கை எட்டாது."

பழனியாண்டி ஸ்பிரிங்கைச் சட்டைப் பைக்குள் போட்டார். வீடு போகும் வழியெல்லாம் அது நெஞ்சில் குத்திக்கொண்டே வந்தது.

ராக்காயி குசினியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவர் ஸ்பிரிங்கை அம்மிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"என்னாது?"

"இதுதான். இது ஒடஞ்சுதான் கத்தியிருக்கு. அந்தப் புள்ள கண்டுபுடிச்சிருச்சு."

அவள் கையை உதறிவிட்டு அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். திருப்பினாள். முறிந்த இடத்தை விரலால் தடவினாள்.

"ஒடஞ்ச எடம்கூட துரு ஏறிக் கெடக்கு" என்றாள். "நேத்து வரைக்கும் எண்ணெயில கெடந்த சாமானா இது? எத்தன வருசமா மெசின்காரன் பொண்டாட்டியா இருக்கேன், எனக்குத் தெரியாதா?"

அவர் தலையைக் குனிந்தார்.

"அப்ப அந்தப் பூசாரி சொன்னதுதான் நெசமா?" அவளுடைய குரல் உடைந்தது. "எங்கிட்ட மறைக்கிறீங்களா?"

இனிப் பொய் சொல்ல முடியாது. இந்தப் பொய்யையும் பூசாரி தின்றுவிடுவான். பழனியாண்டி வலது கையை நீட்டி, நகக்கண்ணில் இருந்த சிவப்பைக் காட்டினார். குமிழைப் பற்றியும் கிரீஸைப் பற்றியும், இடது கதவு திறக்கும்போதெல்லாம் தனக்குத் தெரியாமல் தன் கை செய்வதைப் பற்றியும் சொன்னார். அன்றைக்குக் குறைத்த ரேஸைத்தான் இந்தக் கை இன்னமும் ஏற்றிக்கொண்டிருக்கிறது என்றார்.

ராக்காயி அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள். அரிசி களைந்த தண்ணீரில் அதை முக்கி, ஒவ்வொரு நகமாகத் தேய்த்தாள்.

"அப்ப அது லொறிக்குள்ள இல்ல."

"இல்ல."

"செத்துருச்சுன்னு லொறி சொல்லல."

"லொறிக்கு என்னா தெரியும் புள்ள. நாந்தான் கத்தியிருக்கேன்."

"இருக்குன்னும் சொல்லல" என்றாள் அவள், மிக மெதுவாக.

அவள் எழும்பிக் கண்ணைத் துடைத்தாள். "சொல்ல வேண்டியவன் சொல்லட்டும். அவன் வாயத் தொறக்குற வரைக்கும் நா உக்காந்திருப்பேன். எம் புள்ள கணக்க முடிக்க இந்தப் பூசாரி யாரு?" என்று அலுமாரியருகே போய், சுவரைப் பார்த்துக் கிடந்த படத்தைத் திருப்பி வைத்தாள்.

மறுநாள் ஞானேஸ்வரி குமிழைக் கழற்றி லொறியின் பின்பக்கம் மாற்றினாள். முன்னால் இருந்த துவாரத்தை ஒரு ரப்பர் அடைப்பானால் மூடினாள். இருந்தும் வெள்ளிக்கிழமை தயாபரன் விடவில்லை. சட்டை கிடைக்காததால் பூசணிக்காயோடு கழிப்பு நடந்தது. லொறி அன்றிலிருந்து கத்தவில்லை. "பாத்தியே பழனி, ஒரு பூசணிக்காய் செய்த வேலையை!" என்றான் தயாபரன். ஞானேஸ்வரியின் வேலை அவனுக்கு ஞாபகம் வரவில்லை. பூசாரிக்கு இப்போது வாகனக்காரர்கள் மத்தியில் நல்ல பெயர். வவுனியாவிலிருந்துகூட வருகிறார்களாம்.

அடுத்த கிழமை ராக்காயிக்குப் பஸ் தவறிவிட்டது. கிளிநொச்சியில் ஒரு வான் வண்டி படுத்துக் கிடந்ததால் பழனியாண்டியே அவளை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார். கொட்டகைக்கு எதிரே வீதியோரம் நிறுத்தினார். இயந்திரம் அடங்கி ஓடியது. ராக்காயி படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு இடது கதவைத் திறந்தாள்.

அவருடைய வலது கை போனது. இந்தத் தடவை அது போவதை அவர் கண்டார். ஆனால் நிறுத்தவில்லை. விரல்கள் குமிழைத் தேடி ரப்பரில் முட்டி நின்றன. அடியில் இயந்திரம் மெதுவாக, மிக மெதுவாக ஓடியது. செத்துவிடும் போல இருந்தது. விரல்களை எடுக்காமல் அதன் ஒவ்வொரு துடிப்பையும் கேட்டபடி இருந்தார். ராக்காயி இரண்டு பக்கமும் பார்த்து வீதியைக் கடந்தாள். கொட்டகைக்குள் குனிந்து நுழைந்தாள். மற்றத் தாய்மார் தள்ளி இடம் கொடுத்தார்கள். அவள் உட்கார்ந்து, படத்தை வீதியைப் பார்க்கும்படி மடியில் நிறுத்தினாள்.

இயந்திரம் நிற்கவில்லை.

இடது கதவை அவள் சரியாகச் சாத்தாமல் போயிருந்தாள். அது காற்றில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. எட்டி இழுத்துச் சாத்தினால் போதும். பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹோர்ன் அடித்தது. பழனியாண்டி, இன்னும் ஒருத்தி ஏற இருப்பதுபோல, திறந்து கிடந்த கதவைப் பார்த்தபடியே இருந்தார்.